கசிவின் வரலாறு

குளிரூட்டும் இயந்திரத்தின் வரலாற்றை இரண்டு விதமாக எழுதலாம். முதலாவது நாம் வழக்கமாகப் படிப்பது. அதில் கண்டுபிடிப்பாளர்கள் வருவார்கள், காப்புரிமைகள் வரும், மது ஆலைகளும் இறைச்சிக் கப்பல்களும் திரையரங்குகளும் வரும். மனிதன் வெப்பத்தை எப்படி வென்றான் என்பதாக அது முடியும். இரண்டாவது வரலாறும் அதே ஆண்டுகளில், அதே இயந்திரங்களுக்குள் நடந்ததுதான். ஆனால் அதன் களம் மிகச் சிறியது. குழாயும் குழாயும் சேரும் இடம், சுழலும் தண்டு உறையைத் துளைத்து வெளிவரும் இடம், ஒரு மரைக்கும் இன்னொரு மரைக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளி. கசிவின் வரலாறு என்று அதைச் சொல்லலாம். இன்று ஒரு வீட்டுச் சுவரில் ஸ்ப்ளிட் ஏ.ஸி. பொருத்தப்பட்டு இரண்டு செம்புக் குழாய்கள் முடுக்கப்படும்போது, அந்த வரலாற்றின் மிக அண்மைய பக்கம் எழுதப்படுகிறது.

கசிவுக்கும் குளிருக்கும் உள்ள உறவு பழையது. மண்பானைத் தண்ணீர் கோடையில் குளிர்ந்திருப்பதற்குக் காரணம், பானை கசிவதுதான். நுண்துளைகள் வழியே வெளிவரும் ஈரம் ஆவியாகும்போது பானையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கசியாத பானை குளிராது. பாஸ்டன் நகரத்து வணிகர் ஃப்ரெடெரிக் டியூடர் 1833-இல் நியூ இங்கிலாந்து நீர்நிலைகளில் உறைந்த பனிக்கட்டியைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பியபோது, அதில் ஒரு பகுதி கரைந்து கடலோடு போயிற்று. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் அந்த வணிகத்தின் மிச்சம்தான். கரைந்த பனிக்கட்டியால் வணிகருக்கு நஷ்டமே தவிர வேறு யாருக்கும் கெடுதல் இல்லை. வெறும் தண்ணீர் கசிந்தவரை கசிவைப் பற்றி எவரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

1834-இல் நிலைமை மாறியது. லண்டனில் வாழ்ந்த அமெரிக்கரான ஜேக்கப் பெர்கின்ஸ் அந்த ஆண்டு ஒரு காப்புரிமை பெற்றார். எளிதில் ஆவியாகும் ஒரு திரவத்தை மூடிய குழாய்ச் சுற்றுக்குள் அடைப்பது, அதை ஆவியாக்கிக் குளிரைப் பெறுவது, அந்த ஆவியை அழுத்திக் குளிர்வித்து மறுபடியும் திரவமாக்குவது, அதே திரவத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. இன்றைய ஏ.ஸி.யும் குளிர்சாதனப் பெட்டியும் இந்த நான்கு படிகளைத் தாண்டிப் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. பெர்கின்ஸின் காப்புரிமையில் நம் கவனத்துக்குரிய பகுதி, திரவம் சிறிதும் வீணாகாமல் சுற்றி வரும் என்ற உறுதிமொழி. பானையின் தத்துவத்தை எடுத்துக்கொண்டு அதன் துளைகளை அடைத்துவிட்டார் எனலாம். கொள்கையளவில் அது சரி. ஆனால் துளைகளை அடைப்பது அத்தனை எளிதான காரியமாக இருக்கவில்லை.

*

பெர்கின்ஸ் மனதில் வைத்திருந்த திரவம் ஈதர். எளிதில் தீப்பிடிப்பது. ஈதர் இயந்திரத்தின் குளிர்ப்பகுதியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கும் என்பதால், அங்கே மூட்டு சற்றே தளர்ந்தாலும் காற்று உள்ளே புகுந்துவிடும். ஈதர் ஆவியும் காற்றும் கலந்தால் வெடிமருந்துக்கு ஒப்பு. 1850-களில் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் பத்திரிகை ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் ஹாரிசன் ஈதர் இயந்திரங்களை வணிகமாக்கினார். மது ஆலைகள் அவற்றை வாங்கின.

1870-களில் ஜெர்மனியில் கார்ல் வான் லிண்டே அம்மோனியாவுக்கு வந்து சேர்ந்தார். ஈதரைவிடத் திறமையானது, ஆனால் நச்சு. மேலும் அது செம்பை அரிக்கும் என்பதால் இரும்புக் குழாய்களே அதற்குப் பொருந்தும். அம்மோனியாவின் காரநெடி ஒரு வகையில் அதன் நற்குணம். துளியளவு கசிந்தாலும் மூக்கு எரியும், கண் கலங்கும், ஆட்கள் ஓடிவிடுவார்கள். ஆலைகளில் அதைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஊழியர்களும் இருந்தார்கள். கசிவு ஆலைச் சுவருக்குள் நிகழ்ந்தது, அதன் விலையை ஆலைத் தொழிலாளிகள் செலுத்தினார்கள். இன்றும் பெரிய குளிர்பதனக் கிடங்குகளிலும் ஐஸ் ஆலைகளிலும் அம்மோனியாவே ஓடுகிறது.

இயந்திரம் சமையலறைக்குள் நுழைந்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. 1920-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மின்சாரக் குளிர்சாதனப் பெட்டிகள் வீடுகளுக்கு வந்தன. அவற்றுக்குள் கந்தக டை ஆக்ஸைடும் மெதில் குளோரைடும் சுழன்றன. முன்னது தாங்க முடியாத நெடி கொண்டது. கசிந்தால் குடும்பமே தெருவுக்கு ஓடிவரும். பின்னதற்கு அந்த நெடி கிடையாது, மெல்லிய இனிப்பு வாசனை மட்டுமே. உறங்குகிறவரை அது எழுப்பாது. சிகாகோவில் சில அடுக்குமாடிக் கட்டடங்களில் நிலவறையில் ஒரு பொதுக் கம்ப்ரஸரை வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு வீட்டின் பெட்டிக்கும் குழாய் இழுத்திருந்தார்கள். வீடுகள் எத்தனையோ அதற்கேற்ப மூட்டுகள். ஒரு வீட்டில் மூட்டு விட்டுப் போனால் கட்டடம் முழுவதற்குமான வாயு அந்த ஒரு சமையலறைக்குள் இறங்க வாய்ப்பிருந்தது. 1920-களின் கடைசி ஆண்டுகளில் அந்நகரில் மெதில் குளோரைடால் நிகழ்ந்த மரணங்களை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். 1929 மே மாதம் அமெரிக்காவின் க்ளீவ்லண்ட் நகரத்து மருத்துவமனை ஒன்றில் நச்சுப்புகையால் 120-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குளிர்பதன வாயு கசிந்ததே காரணம் என்று இந்தத் துறையின் வரலாற்றைச் சொல்லும் பல கட்டுரைகளில் காணலாம். உண்மையில் அங்கே எரிந்தவை எக்ஸ்ரே படச்சுருள்கள். நைட்ரோசெல்லுலோஸ் எரிந்து எழுந்த புகையே உயிர்களைப் பறித்தது. ஆயினும் அந்தத் தவறான கதை நிலைத்துவிட்டதே ஒரு வரலாற்றுச் செய்திதான். மூடிய அறையில் பலர் இறந்தார்கள் என்று கேட்டவுடன் குளிர்சாதனப் பெட்டியைச் சந்தேகிக்கும் மனநிலை அன்று இருந்திருக்கிறது.

அந்த மனநிலைக்கு நாம் அறிந்த மிகப் புகழ்பெற்ற சாட்சி ஐன்ஸ்டீன். 1926 வாக்கில் பெர்லின் நாளிதழ் ஒன்றில், குளிர்சாதனப் பெட்டியின் பம்ப்பிலிருந்து கசிந்த நச்சு வாயுவால் ஒரு குடும்பமே உறக்கத்தில் இறந்துபோன செய்தியை அவர் படித்தார். அவருடைய இளம் நண்பர் லியோ ஸிலார்ட், பிற்காலத்தில் அணுக்கரு தொடர்வினையை முதலில் கற்பனை செய்தவர், இதில் அவரோடு சேர்ந்துகொண்டார். இருவரும் பிரச்சினையைச் சரியாகவே இனங்கண்டார்கள். சுழலும் தண்டு எங்கே உறையைத் துளைத்து வெளியே வருகிறதோ அங்கே ஓர் அடைப்பு வேண்டியிருக்கிறது. அடைப்பு தேயும், தேய்ந்தால் கசியும். அப்படியானால் அசையும் பாகமே இல்லாத பெட்டியைச் செய்தால் என்ன?

சில ஆண்டுகளில் பல நாடுகளிலாக நாற்பதுக்கும் மேற்பட்ட காப்புரிமை விண்ணப்பங்கள் எழுந்தன. அவற்றில் சிறந்தது, திரவ உலோகத்தை மின்காந்த விசையால் குழாய்க்குள் முன்னும் பின்னும் தள்ளி அதையே உந்துதண்டாக்கும் பம்ப். பெர்லினின் ஏ.இ.ஜி. நிறுவனம் ஒரு மாதிரியைச் செய்தும் பார்த்தது. கசியவில்லை, ஆனால் காது கொடுக்க முடியாத இரைச்சல் போட்டது. பொருளாதார மந்தமும் நாஜிகளும் வந்தார்கள், இருவரும் ஜெர்மனியை விட்டு வெளியேறினார்கள். அந்தப் பெட்டி கடைக்கு வரவே இல்லை. அந்த வகைப் பம்ப் மட்டும் பின்னாளில் வேறிடத்தில் பயன்பட்டது. கல்பாக்கத்தில் உள்ளது போன்ற, திரவ சோடியத்தால் குளிர்விக்கப்படும் வேக ஈனுலைகளின் உலகம் அது. கசியவே கூடாத இன்னொரு இடம்.

*

ஐன்ஸ்டீனும் ஸிலார்டும் மூட்டை மாற்ற முயன்றார்கள். அமெரிக்கர்கள் வாயுவை மாற்றினார்கள். மூட்டு கசிந்தால் கசியட்டும், கசிவது தீங்கற்றதாக இருந்தால் போதும் என்பது அவர்களுடைய தர்க்கம். 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வுத் தலைவர் சார்ல்ஸ் கெட்டரிங் இந்தப் பணியைத் தாமஸ் மிட்ஜ்லியிடம் ஒப்படைத்தார். மிட்ஜ்லி ஏற்கெனவே 1921-இல் பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலக்கும் முறையைக் கண்டுபிடித்தவர். தனிம அட்டவணையை வைத்துக்கொண்டு அவரும் அவருடைய சகாக்களும் தேடினார்கள். நச்சும் கூடாது, தீப்பிடிக்கவும் கூடாது, ஆனால் குறைந்த வெப்பநிலையில் கொதிக்க வேண்டும். சில நாட்களிலேயே ஃப்ளோரின் சேர்மங்களை வந்தடைந்ததாக மிட்ஜ்லி பின்னர் நினைவுகூர்ந்தார். பிறந்தது டைகுளோரோடைஃப்ளோரோமீத்தேன். பிறகு ஃப்ரியான் என்ற வணிகப் பெயரால் உலகம் அறிந்த குளோரோஃப்ளோரோகார்பன்களில் முதல்வன்.

1930-இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவை மார்பு நிறைய இழுத்து, எரியும் மெழுகுவத்தியின் மேல் ஊதினார். சுடர் அணைந்தது, மிட்ஜ்லி நலமாக நின்றார். நச்சில்லை, தீப்பிடிக்காது என்ற இரண்டையும் ஒரே மூச்சில் நிரூபித்துவிட்டார். அது வெறும் வித்தையல்ல. சமையலறைகளில் நிகழ்ந்துகொண்டிருந்த மரணங்களை அந்த வாயு உண்மையிலேயே நிறுத்தியது. இன்று மிட்ஜ்லியை வில்லனாகச் சித்திரிக்கும் எழுத்துகள் இதை எளிதாகக் கடந்துவிடுகின்றன.

ஆனால் வேறொன்றும் நடந்தது. கசிவு பாவமில்லை என்று ஒரு தொழிலே பழகிக்கொண்டது. மணமில்லை, எரிச்சலில்லை, விலையும் மலிவு. பழுது பார்க்க வந்தவர் சுற்றிலிருந்த வாயு முழுவதையும் காற்றில் திறந்துவிட்டு வேலையைத் தொடங்குவது வழக்கமாயிற்று. குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற அதே வாயுவைச் சற்றே பீய்ச்சி விடுவதும் வழக்கமாயிற்று. அமெரிக்காவில் இப்படித் திறந்துவிடுவது சட்டப்படி தடை செய்யப்பட்டதே 1992-இல்தான். ஏறத்தாழ இரண்டு தலைமுறை மெக்கானிக்குகளின் கைப்பழக்கம் அந்த இடைவெளியில் உருவானது. வாயுவைத் தடை செய்யலாம், பழக்கம் குருவிடமிருந்து சீடனுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

வெளியேறிய வாயு எங்கே போயிற்று? 1970-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் லவ்லாக் தாமே உருவாக்கிய நுண்ணுணர் கருவியோடு கப்பலேறி, அட்லாண்டிக் கடல்வெளியில் எங்கு பார்த்தாலும் குளோரோஃப்ளோரோகார்பன் இருப்பதைக் கண்டார். அதனால் ஆபத்து ஏதும் இருக்கக்கூடும் என்று அப்போது அவர் கருதவில்லை. 1974-இல் கலிஃபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகத்தில் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். எதோடும் வினைபுரியாத இந்த வாயு கடைசியில் என்ன ஆகும்? மழை அதைக் கரைக்காது, மண் அதை உண்ணாது. பல பத்தாண்டுகள் மிதந்து மேலேறி, ஓசோன் படலத்தில் புற ஊதாக் கதிர் பட்டு உடையும். உடைந்து வரும் ஒவ்வொரு குளோரின் அணுவும் பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைக்கும். எந்த நிலைத்தன்மைக்காக மிட்ஜ்லி அதைத் தேர்ந்தெடுத்தாரோ அதே நிலைத்தன்மைதான் அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

1985-இல் ஜோசஃப் ஃபார்மனும் இரு சகாக்களும் அண்டார்டிகா மீது ஓசோன் ஒவ்வொரு வசந்தத்திலும் மெலிந்து வருவதை வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. பின்னர் உலகின் எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்ட அரிய உடன்படிக்கைகளில் ஒன்றாக அது ஆயிற்று. அண்டார்டிகாவின் மேலுள்ள ஓசோன் 2066 வாக்கில் 1980-ஆம் ஆண்டின் அளவுக்குத் திரும்பும் என்பது ஐ.நா. ஆதரவிலான அண்மைய மதிப்பீடு. மனித குலம் தன் தவறொன்றைத் திருத்திக்கொண்ட கதையாக இது சொல்லப்படுகிறது, சரிதான். கசிவின் வரலாற்றில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. பெர்லின் வீட்டுப் படுக்கையறையிலிருந்து அகற்றப்பட்ட ஆபத்து மறைந்துவிடவில்லை, யாரும் வசிக்காத வானத்தின் ஓரத்துக்குக் குடிபெயர்ந்தது.

*

இதற்கிடையே மூட்டும் தன் பங்குக்கு மாறிக்கொண்டிருந்தது. 1927-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் விற்பனைக்குக் கொண்டுவந்த குளிர்சாதனப் பெட்டி, மோட்டாரையும் கம்ப்ரஸரையும் ஒரே இரும்பு உறைக்குள் வைத்து முற்றிலும் மூடியது. தண்டு வெளியே வருவதே இல்லை, ஆகவே அடைப்பும் தேவையில்லை. ஐன்ஸ்டீன் தேடிய விடையை இன்னும் எளிய வழியில் அடைந்துவிட்டார்கள். பின்னர் வந்த ஜன்னல் ஏ.ஸி.யும் அதே வகை. குழாய்கள் அனைத்தும் தொழிற்சாலையிலேயே பற்றவைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, வாயு நிரப்பி மூடப்பட்டுவிடும். வீட்டுக்கு வருபவர் பெட்டியைத் தூக்கி வைத்து மின்சாரம் கொடுத்தால் போதும். பெர்கின்ஸின் உறுதிமொழி ஏறக்குறைய நிறைவேறியது ஜன்னல் ஏ.ஸி.யில்தான்.

ஸ்ப்ளிட் ஏ.ஸி. அந்த மூடிய பெட்டியை இரண்டாகப் பிளந்தது. 1960-களில் ஜப்பானில் அது வடிவம் பெற்றது. இரைச்சலிடும் கம்ப்ரஸர் வெளியே, குளிர் தரும் பகுதி உள்ளே, நடுவே சுவர். சிறிய வீடுகளுக்கும் மெல்லிய சுவர்களுக்கும் பொருத்தமான ஏற்பாடு. ஆனால் இரண்டு பகுதிகளையும் இணைக்கும் குழாய்களின் நீளம் வீட்டுக்கு வீடு மாறுவதால், கடைசி மூட்டுகளைத் தொழிற்சாலையில் போட முடியாது. திரவம் செல்ல ஒரு மெல்லிய குழாய், ஆவி திரும்ப ஒரு பருத்த குழாய், இரண்டு முனைகளிலுமாக நான்கு மூட்டுகள். நூறாண்டு முயன்று ஆலைக்குள் கொண்டுபோன வேலையில் இந்த நான்கு மட்டும் திரும்பவும் வெளியே வந்து, மூன்றாவது மாடியின் வெளிவிளிம்பில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் ஒப்படைக்கப்பட்டன.

அவர் செய்வது என்ன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். செம்புக் குழாயைக் கட்டரால் நேராக வெட்டுகிறார். வெட்டிய வாயின் உட்புறத்தில் எழும் பிசிரைச் சுரண்டி எடுக்கிறார். அப்போது குழாயின் வாய் கீழ்நோக்கியிருக்க வேண்டும், இல்லையேல் செம்புத்தூள் உள்ளே விழுந்து கம்ப்ரஸர் வரை போய்விடும். பித்தளை நட்டை முதலிலேயே குழாயில் கோத்துவிட வேண்டும். பிறகு குழாயின் வாயை நாகஸ்வரத்தின் விரிந்த முனைபோல 45 பாகையில் மலர்த்துகிறார். ஃப்ளேர் அடிப்பது என்று தொழிலில் சொல்வது இதைத்தான். அந்த மலர்ந்த செம்பும் வால்வின் பித்தளைக் கூம்பும் ஒன்றையொன்று தழுவி நிற்பதே அடைப்பு. நடுவே ரப்பரோ வாஷரோ கிடையாது. உலோகத்தின் மேல் உலோகம், அவ்வளவுதான். முதலில் கையால் முடுக்கி, பிறகு இரண்டு ஸ்பேனர்கள் கொண்டு இறுக்க வேண்டும். கால் அங்குலக் குழாய்க்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். குறைந்தால் கசியும். மிகுந்தால் செம்பின் இதழ் மெலிந்து விரிசல் விடும், அது அன்றைக்குத் தெரியாது. கம்ப்ரஸரின் அதிர்வில் மாதக்கணக்கில் வளர்ந்து அடுத்த கோடையில்தான் தெரியவரும்.

மூட்டு முடிந்ததும் நைட்ரஜனை அழுத்தத்தில் நிரப்பிச் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். பிறகு வேக்கம் பம்ப் வைத்துக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். ஆழ்ந்த வெற்றிடத்தில் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும் என்பதால் ஈரம் வெளியேறுகிறது. ஈரம் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி இயந்திரத்தை உள்ளிருந்தே அரிக்கும். இதற்கு அரைமணி நேரமாவது வேண்டும். பல வீடுகளில் நடப்பது வேறு. வெளிப்பெட்டியின் வால்வைச் சற்றே திறந்து, உள்ளிருக்கும் வாயுவைக் கொண்டே காற்றைத் துரத்திவிட்டு நட்டை இறுக்கிவிடுவார்கள். சில விநாடிகளில் வேலை முடிந்தது. ஃப்ரியான் காலத்தின் கைப்பழக்கம் அது. மிட்ஜ்லி அணைத்த மெழுகுவத்தியின் நிழல் இன்னும் நம் மொட்டைமாடிகளில் விழுகிறது.

அந்தப் பழக்கத்துக்கு மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. பெரும்பாலும் பெட்டிக் கணக்கில் கூலி பெறுபவர் அவர். கோடையில் ஒரு நாளைக்கு எத்தனை வீடுகள் என்பதே வருமானம். வேக்கம் பம்ப்பும் முறுக்கு விசை காட்டும் ஸ்பேனரும் அவருடைய சொந்தச் செலவு. அந்த அரைமணி நேரத்துக்கு வாங்குபவர் தனியாகக் காசு கொடுப்பதில்லை, அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

நம் வீடுகளில் வழங்கும் ஒரு வாக்கியம் இதை மூடி மறைக்கிறது. 'கேஸ் தீர்ந்துவிட்டது.' ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்வதுபோலக் குளிர்பதன வாயுவும் உழைத்து உழைத்துத் தீர்ந்துபோகும் என்று பொருள்படும்படி அதைச் சொல்கிறோம். வருடந்தோறும் கேஸ் நிரப்புவதை ஒரு பராமரிப்பாகவே ஏற்றுக்கொள்கிறோம். மூடிய சுற்றில் வாயு தீராது. 1834-இலிருந்து இந்த இயந்திரத்தின் அடிப்படையே அதுதான். குறைந்திருந்தால் கசிந்திருக்கிறது, எங்கோ ஒரு மூட்டில் ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் மேலும் நிரப்புவது அந்த ஓட்டைக்குத் தீனி போடுவது.

அந்தத் தீனிக்கு இப்போது வேறு கணக்கும் உண்டு. இந்தியாவில் நெடுங்காலம் பயன்பட்ட ஆர்-22 ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்கு இணையாகப் புவியைச் சூடாக்கும். ஏறத்தாழ 780 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். ஓசோனுக்குத் தீங்கில்லாத ஆர்-410ஏ இன்னும் மோசம், சுமார் 2,090 மடங்கு. அதன் அழுத்தமும் ஆர்-22-ஐப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் என்பதால் பழைய கைப்பழக்கத்து மூட்டுகள் அதன்முன் நிற்பதில்லை. 2016-இல் கிகாலியில் மாண்ட்ரியல் ஒப்பந்தம் திருத்தப்பட்டது, இந்த வாயுக்களைக் குறைப்பதற்கென. இந்தியா 2021-இல் அதை ஏற்றது.

ஆகவே உலகம் மறுபடியும் வாயுவை மாற்றிக்கொண்டிருக்கிறது. ஜப்பானில் 2012-இல் ஏ.ஸி.களில் வந்த ஆர்-32-இன் அளவு 675 மடங்கு. அதே ஆண்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த புரொப்பேன் ஏ.ஸி.யின் அளவு மிகச் சொற்பம். இரண்டுமே தீப்பிடிக்கக் கூடியவை. முன்னது மெதுவாக, பின்னது சமையல் எரிவாயுவைப் போல. வானத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால், 1928-இல் வீட்டை விட்டு வெளியேற்றிய குணங்களில் ஒன்றைத் திரும்ப வீட்டுக்குள் அனுமதித்தாக வேண்டும். அது தவறான முடிவென்று நான் நினைக்கவில்லை. நிரப்பும் அளவைக் குறைத்து, மூட்டுகளை ஒழுங்காகப் போட்டால் பாதுகாப்பானதுதான். ஆனால் அந்த 'ஒழுங்காக' என்ற சொல்லின் முழுச் சுமையும் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

ஈதர் ஆலைக்காரரை அச்சுறுத்தியது, மெதில் குளோரைடு உறங்கியவரைக் கொன்றது, ஃப்ரியான் வானத்தைக் கிழித்தது, அதன் வாரிசுகள் பருவங்களைக் கலைக்கின்றன. ஒவ்வொரு முறையும் கசிவின் விலையைச் செலுத்துபவர் மாறினாரே தவிர, கசிவு நிற்கவில்லை. வேதியியலால் இனிச் செய்யக்கூடியது குறைவு. மிச்சமிருப்பது நான்கு நட்டுகளும் ஓர் அரைமணி நேரமும். அடுத்த முறை ஏ.ஸி. பொருத்த ஆள் வரும்போது பம்ப் கொண்டுவந்திருக்கிறாரா என்று கேட்கலாம், அந்த அரைமணி நேரத்துக்கு உரிய கூலியைத் தனியாகக் கொடுக்கலாம்.